வாக்கின் எடை சிந்தாமல் எண்ணுவது எப்படி? சுற்று முறை விகிதாச்சாரத் தேர்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏரியை நம்பிப் பயிர் வைக்கிற ஊர்கள் நிறைந்தது பழைய வடாற்காடு. காவேரிப்பாக்கம் போன்ற பெரிய ஏரியானாலும், பத்துக் குடும்பத்துக்குப் பாயும் சின்ன ஏரியானாலும், முறைத் தண்ணீர் விடும்போது யாருக்கு எத்தனை நாழிகை என்று கணக்கு வைத்தால்தான் கடைமடை காயாமல் இருக்கும். வாக்குகளைப் பங்கிடுவதிலும் இதே கணக்குதான். ஒரே தேர்தலில் பல பேரைத் தேர்ந்தெடுக்கும் குழுக்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டது. ஆயக்கட்டுக் குழு, குடியிருப்போர் நலச்சங்கம், தொழிற்சங்கக் கிளை எதற்கும் இது பொருந்தும். உதாரணங்களில் வரும் ஏரிகள் கற்பனை. கணக்கை நீங்களே போட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

வழக்கம்போல ஆளுக்கு ஐந்து பெயருக்கு டிக் போட்டு, அதிக ஓட்டு வாங்கிய ஐந்து பேரை எடுத்தால் என்ன தவறு?

வேலூர் பக்கத்தில் ஓர் ஏரி என்று வைத்துக்கொள்வோம். ஆயக்கட்டுதாரர்கள் 100 பேர்: தலைமடையில் 60, நடுமடையில் 25, கடைமடையில் 15. குழுவுக்கு 5 பேர் வேண்டும். ஒவ்வொருவரும் தங்கள் பக்கத்து ஆட்களுக்கே டிக் போடுகிறார்கள். தலைமடையின் ஐந்து வேட்பாளர்களுக்கும் தலா 60 ஓட்டு. நடுமடைக்காரர் யாரும் 25ஐத் தாண்டவில்லை, கடைமடைக்காரர் 15ஐத் தாண்டவில்லை. ஐந்து இடமும் தலைமடைக்கே போய்விடும். மீதி 40 குடும்பங்களுக்குக் குழுவில் ஒரு குரல்கூட இருக்காது. யாரும் ஏமாற்றவில்லை, ஓட்டு எண்ணிக்கையும் சரிதான். ஆனால் தலைமடையின் 60 பேர் தங்கள் ஓட்டை ஐந்து முறை முழுசாகச் செலவழித்துவிட்டார்கள். கோளாறு அங்கே இருக்கிறது.

‘வாக்கின் எடை’ என்றால் என்ன?

தேர்தல் தொடங்கும்போது ஒவ்வொரு சீட்டுக்கும் எடை 1. நூறு சீட்டு என்றால் மொத்தம் 100. சுற்றுக்கு ஒருவர் தேர்வாகிறார். அவர் தேர்வானதும், அவரை ஆதரித்தவர்களின் எடையிலிருந்து ஒரு குறிப்பிட்ட அளவைக் கழிக்கிறோம். அந்த அளவுக்குக் கோட்டா என்று பெயர். மீதி எடையோடு அதே சீட்டுகள் அடுத்த சுற்றுக்குப் போகின்றன.

எடையைக் காப்பது என்றால் ஒரே ஒரு சமன்பாட்டைக் கடைசிச் சுற்று வரை காப்பாற்றுவது: செலவான எடை + சீட்டுகளில் மீதியுள்ள எடை = தொடங்கிய எடை. நடுவில் எடை காணாமல் போகக்கூடாது, புதிதாக முளைக்கவும் கூடாது. ஒருவர் எடை இன்னொருவர் தலையில் ஏறவும் கூடாது. இதில் மூன்றாவதுதான் அதிகம் நடக்கும் தவறு. மொத்தம் சரியாக வருவதால் கண்ணில் படாமல் தப்பிவிடும்.

அந்த ஏரிக் கணக்கையே சுற்றுச் சுற்றாகப் போட்டுக் காட்ட முடியுமா?

100 பேர், 5 இடம். கோட்டா 100 ÷ 5 = 20.

முதல் சுற்று: தலைமடை வேட்பாளருக்கு 60, நடுமடைக்கு 25, கடைமடைக்கு 15. தலைமடைக்காரர் தேர்வு. அவரை ஆதரித்த 60 பேரும் சேர்ந்து 20 செலவு செய்ய வேண்டும், ஆளுக்கு 0.333. ஒவ்வொருவரிடமும் மீதி 0.667, மொத்தம் 40.

இரண்டாம் சுற்று: 40, 25, 15. மறுபடி தலைமடை. இன்னொரு 20 கழிகிறது, மீதி 20.

மூன்றாம் சுற்று: இப்போது தலைமடையிடம் 20, நடுமடையிடம் 25. நடுமடைக்காரர் தேர்வு. 25 பேரும் ஆளுக்கு 0.8 செலவு செய்கிறார்கள், ஆளுக்கு 0.2 மீதி, மொத்தம் 5.

நான்காம் சுற்று: தலைமடை 20, கடைமடை 15, நடுமடை 5. தலைமடைக்கு மூன்றாவது இடம். அவர்கள் எடை இப்போது பூஜ்யம்.

ஐந்தாம் சுற்று: கடைமடை 15, நடுமடை 5. கடைமடைக்காரர் தேர்வு. 15 என்பது கோட்டாவுக்குக் குறைவு. இருந்த 15ம் செலவாகிவிடுகிறது.

முடிவு 3, 1, 1. பேரேட்டைப் பாருங்கள்: 20 + 20 + 20 + 20 + 15 = 95 செலவு, நடுமடையிடம் 5 மீதி. மொத்தம் 100.

ஜெயித்தவருக்கு ஓட்டுப் போட்டவர்களின் சீட்டை அப்படியே ஓரங்கட்டிவிட்டால் வேலை சுலபமாகுமே?

வேலை சுலபம்தான், பங்கீடு கெட்டுவிடும். முதல் சுற்றிலேயே 60 பேரின் எடையும் போய்விடும். ஆனால் அந்த இடத்துக்குத் தேவைப்பட்டது 20 மட்டுமே. 40 எடை யாருக்கும் பயன்படாமல் மண்ணில் கொட்டிய தண்ணீர் ஆகிறது. பிறகு நடுமடைக்கு ஒன்று, கடைமடைக்கு ஒன்று. நான்காவது, ஐந்தாவது இடத்துக்கு எண்ண ஒரு சீட்டுகூட மிஞ்சாது. முதல் கேள்வியில் எடையே கழிக்காததால் பெரும்பான்மை எல்லாவற்றையும் அள்ளியது; இங்கே அளவுக்கு மேல் கழித்ததால் அதே பெரும்பான்மை தண்டிக்கப்படுகிறது. சரியான அளவு இந்த இரண்டுக்கும் நடுவில், கோட்டாவில் இருக்கிறது.

ஒருவர் ஜெயித்தால் பாதி, இருவர் ஜெயித்தால் மூன்றில் ஒன்று என்று எடையைக் குறைக்கும் முறையும் இருக்கிறதே. அது போதாதா?

அது டென்மார்க்கின் வானியலாளர் தோர்வால்ட் தீலே 1895இல் சொன்ன முறை. அதற்கு ஓராண்டு முன்பு, 1894இல், ஸ்வீடன் கணிதவியலாளர் எட்வர்ட் ஃபிராக்மேன், ஒவ்வொரு இடத்தின் சுமையையும் அதை ஆதரித்தவர்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்ற கோணத்தில் வேறொரு முறையைக் கொடுத்திருந்தார். கட்சிக்குள் இடங்களைப் பங்கிட ஸ்வீடன் 1909இல் தீலேயின் முறையை எடுத்துக்கொண்டது. 1921இல் அதை விட்டுவிட்டு ஃபிராக்மேனின் முறைக்கு மாறியது.

தனித்தனிக் கூட்டமாக ஓட்டு விழும்வரை தீலே முறை நன்றாகவே வேலை செய்யும். எல்லாரும் விரும்பும் பொது வேட்பாளர்கள் வந்தால்தான் சிக்கல். வேறோர் ஏரியை எடுத்துக்கொள்வோம்: தலைமடை 60 பேர், கடைமடை 40 பேர், 5 இடம். மூன்று வேட்பாளர்களை 100 பேருமே ஆதரிக்கிறார்கள். அது போக, தலைமடை தன் ஆட்கள் இருவரையும், கடைமடை தன் ஆட்கள் இருவரையும் ஆதரிக்கிறது.

தீலே கணக்கில் முதல் மூன்று இடமும் பொதுவானவர்களுக்கு. இப்போது ஒவ்வொருவரின் எடையும் நான்கில் ஒன்று. தலைமடை 60 ÷ 4 = 15, கடைமடை 40 ÷ 4 = 10. நான்காவது இடம் தலைமடைக்கு. அவர்கள் எடை ஐந்தில் ஒன்றாகிறது: 60 ÷ 5 = 12. கடைமடையிடம் இன்னும் 10தான். ஐந்தாவதும் தலைமடைக்கே.

எடையைக் காக்கும் கணக்கில் கோட்டா 20. பொதுவானவர் ஒவ்வொருவருக்கும் 100 பேரும் ஆளுக்கு 0.2 தருகிறார்கள். மூன்று பேருக்கு 0.6 போக ஆளுக்கு 0.4 மீதி. தலைமடையிடம் 24, கடைமடையிடம் 16. நான்காவது இடம் தலைமடைக்கு. 20 கழிந்து 4 மீதி. ஐந்தாவது இடம் 16 வைத்திருக்கும் கடைமடைக்கு.

பொதுவான மூவருக்கான செலவை இரு தரப்பும் தங்கள் தலைக்கணக்குப்படி சமமாகத் தந்துவிட்டன. மீதி இரண்டு இடத்தை 60க்கு 40 என்று பங்கிட்டால் ஒன்றும் ஒன்றும்தானே நியாயம்? தீலே முறையில் கழியும் எடைக்கும் ஓர் இடத்தின் அளவுக்கும் சம்பந்தமே இல்லை. முதல் வெற்றியில் ஒருவருக்கு 0.5 கழிகிறது, நான்காவதில் 0.05 மட்டும் கழிகிறது. அதனால்தான் பின்சுற்றுகளில் பெரிய கூட்டத்தை அது தடுப்பதில்லை. குழுவில் பொது ஆட்கள் நிற்கும் ஊருக்கு இந்த முறையை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

ராஜ்யசபா தேர்தலில் ‘34 எம்.எல்.ஏ. ஆதரவு வேண்டும்’ என்கிறார்களே, அதுவும் இதே கணக்கா?

அதே குடும்பம். அங்கே டிக்குக்குப் பதில் 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதுகிறார்கள். அதற்கு ஒற்றை மாற்று வாக்கு என்று பெயர். 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தும் விதிகள்படி, ஒன்றுக்கு மேற்பட்ட இடம் இருந்தால் ஒவ்வொரு சீட்டின் மதிப்பும் 100. தமிழ்நாட்டில் 234 பேரும் செல்லும்படி ஓட்டுப் போட்டால் மொத்தம் 23,400. ஆறு இடம் என்றால் அதோடு ஒன்றைக் கூட்டி 7ஆல் வகுக்க வேண்டும்: 3,342, மீதியை விட்டுவிடலாம். அதோடு 1 கூட்டினால் கோட்டா 3,343. முப்பத்துமூன்று சீட்டின் மதிப்பு 3,300, போதாது. முப்பத்துநான்குக்கு 3,400. அதனால்தான் 34.

இனி உபரி, அதாவது கோட்டாவுக்கு மேல் மிஞ்சும் மதிப்பு. அது அந்தச் சீட்டுகளில் எழுதிய அடுத்த விருப்பத்துக்குப் போகும். ஒருவருக்கு 40 பேர் முதல் விருப்பம் கொடுத்தால் 4,000, உபரி 657. நாற்பது சீட்டிலும் அடுத்த விருப்பம் இருந்தால் 657 ÷ 40 = 16.425. பின்னத்தை விதி விட்டுவிடச் சொல்கிறது. ஆக, சீட்டுக்கு 16, நாற்பதுக்கு 640. பதினேழு போயிற்று. முடிவுத் தாளில் ‘பின்னத்தை விட்டதால் இழப்பு’ என்று தனி வரியில் எழுதுவார்கள். எடை இழந்தாலும் இழந்ததைக் கணக்கில் காட்டுவது நல்ல பழக்கம். உங்கள் குழுவும் பின்பற்றலாம்.

இன்னொன்றும் கவனியுங்கள். அந்த 40இல் 10 பேர் அடுத்த விருப்பம் எழுதவில்லை என்றால், 657ஐ 30ஆல் வகுக்கிறார்கள்: 21.9, அதாவது 21. எழுதாத 10 பேரின் உபரிப் பங்கும் எழுதிய 30 பேரின் சீட்டில் ஏறிவிடுகிறது. மொத்தம் அவ்வளவாகக் கெடவில்லை, ஆனால் எடை ஆள் மாறிவிட்டது.

உபரியை எந்தச் சீட்டிலிருந்து எடுப்பது என்பதில் ஏன் இவ்வளவு சண்டை?

அதில்தான் முடிவே மாறுகிறது. ஒருவரிடம் முழு எடையுள்ள 90 சீட்டு இருக்கிறது. இன்னொருவரின் உபரியிலிருந்து 0.2 எடையோடு 150 சீட்டு வந்து சேர்கிறது, அது 30. மொத்தம் 120, கோட்டா 100, உபரி 20. முழுச் சீட்டுக்காரர்கள் 120இல் 90 கொடுத்தார்கள், அதாவது முக்கால் பங்கு. ஆகவே உபரியிலும் முக்கால், 15, அவர்கள் பெயரில் போக வேண்டும். வந்த சீட்டுகளுக்கு 5.

ஆஸ்திரேலிய செனட் தேர்தலில் எடையைப் பாராமல் தாள் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள்: 20 ÷ 240. அப்படிச் செய்தால் முழுச் சீட்டுகளுக்கு 7.5, வந்த சீட்டுகளுக்கு 12.5. ஏற்கெனவே பெரும்பகுதியைச் செலவழித்த சீட்டுகள் திரும்பவும் ஊதிப் பெருக்கின்றன. ராஜ்யசபா விதியில் கடைசியாக வந்து சேர்ந்த கட்டை மட்டும் பார்ப்பார்கள். உபரி முழுவதும் அந்த 150 சீட்டின் பெயரில் போகும், 90 பேருக்கு ஒன்றுமில்லை. அயர்லாந்துப் பொதுத் தேர்தலில் உபரி அளவுக்கு முழுத் தாள்களையே எடுத்து மாற்றுகிறார்கள்; மொத்த எடை துளியும் சிந்தாது, ஆனால் யார் தாள் போகிறது என்பது கட்டில் அது இருந்த இடத்தைப் பொறுத்தது. 2007 முதல் ஸ்காட்லாந்து உள்ளாட்சித் தேர்தலில் எடைக்கேற்ற பங்காக, ஐந்து தசம இடம் வரை போட்டுப் பிரிக்கிறார்கள். நாங்கள் சொல்வது இதைத்தான்.

டிக் இல்லாமல் 0 முதல் 5 வரை மதிப்பெண் போட்டால் யார் எவ்வளவு தர வேண்டும்?

இதற்கு இரண்டு வழி உண்டு. கோட்டா 20 என்று வைத்து ஒரு வெற்றியாளரை எடுத்துக்கொள்வோம்: 15 பேர் அவருக்கு 5 போட்டார்கள், 10 பேர் 4, 30 பேர் 1. எல்லாருடைய எடையும் இன்னும் 1.

முதல் வழி, மேலிருந்து கழிப்பது. அதிகம் கொடுத்தவர்கள் முதலில் தருவார்கள். ஐந்து போட்ட 15 பேரின் எடையும் முழுசாகப் போகிறது. இன்னும் 5 வேண்டும். நாலு போட்ட 10 பேரும் ஆளுக்கு 0.5 தருகிறார்கள். ஒன்று போட்டவர்களிடம் எதுவும் எடுப்பதில்லை. சரியாக 20 கழியும். கையால் எண்ணுவதற்கு இதைவிட எளிய வழி இல்லை.

இரண்டாம் வழி, கொடுத்த அளவுக்கு ஏற்பக் கழிப்பது. ஐந்து போட்டவரின் பங்கு 1, நாலு போட்டவருக்கு 0.8, ஒன்று போட்டவருக்கு 0.2. கூட்டினால் 15 + 8 + 6 = 29. வேண்டியது 20, ஆகவே ஒவ்வொரு பங்கையும் 20 ÷ 29, அதாவது 0.69ஆல் பெருக்க வேண்டும். ஐந்து போட்டவர் 0.690, நாலு போட்டவர் 0.552, ஒன்று போட்டவர் 0.138 தருகிறார். கூட்டிப் பார்த்தால் 20.

இரண்டாவதையே நாங்கள் விரும்புகிறோம். முதல் வழியில் 5 போட்டவர் எல்லாவற்றையும் இழக்க, 4 போட்டவர் பாதியோடு தப்புகிறார். இது தெரிந்ததும் மனசுக்குப் பிடித்தவருக்கே 4 போடச் சொல்லும் பேச்சு ஊரில் கிளம்பிவிடும். ஆனால் இரண்டாம் வழியில் ஒரு குறை உண்டு: எல்லாரும் 1, 2 என்று கஞ்சமாகப் போட்டால் கூட்டுத்தொகை கோட்டாவை எட்டாது. இருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை அவரவர் சீட்டிலேயே விட வேண்டும். சேராத எடையை எங்கிருந்தாவது இழுத்து 20 ஆக்கக்கூடாது.

ஆதரித்தவர்களிடம் மீதி எடை ஏற்றத்தாழ்வாக இருந்தால்?

ஒரு சுற்றில் வெற்றியாளரை 40 பேர் டிக் போட்டு ஆதரித்தார்கள்: 10 பேரிடம் 1, 10 பேரிடம் 0.5, 20 பேரிடம் 0.2. மொத்தம் 19. கோட்டா 15 என்று கொள்வோம். விகிதப்படி என்றால் 15 ÷ 19 = 0.789, ஒவ்வொருவரும் தன்னிடம் இருப்பதில் அந்தப் பங்கைத் தருவார். கணக்கு ஒரே வரியில் முடிந்துவிடும்.

சமபங்கு என்றால் கொஞ்சம் படியேற வேண்டும். பதினைந்தை 40ஆல் வகுத்தால் 0.375. அவ்வளவு 20 பேரிடம் இல்லை. அவர்கள் இருப்பதைத் தந்துவிடட்டும், 4. மீதி 11ஐ 20 பேருக்குப் பிரித்தால் 0.55. பத்துப் பேரிடம் 0.5தான், அவர்கள் 5 தந்துவிட்டு ஒதுங்கட்டும். மீதி 6ஐ முழு எடை வைத்திருப்பவர் 10 பேர் ஆளுக்கு 0.6 தருவார்கள். 4 + 5 + 6 = 15. எந்த நேரத்திலும் ஒருவரிடம் இருப்பதைவிட அதிகம் கழிக்கக்கூடாது. எடை மைனஸில் போனால் அந்தச் சீட்டு அடுத்த சுற்றில் தன் வேட்பாளருக்கே எதிராக வேலை செய்யும்.

எப்படியும் ஜெயிப்பவருக்கு ஓட்டுப் போடாமல் எடையைச் சேமித்துக்கொள்ளலாமே?

சேமிக்கலாம். எடையைக் கழிக்கும் எல்லா முறையிலும் இந்த ஓட்டை உண்டு, இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மேலே சொன்ன இரண்டாவது ஏரியில் கடைமடைக்காரர் ஒருவர் பொதுவான மூவருக்கும் டிக் போடாமல் விட்டால், அவருக்கு 0.6 எடை மிச்சம். ஆனால் 40 பேரும் அதையே செய்தால் பொதுவானவர்களின் ஆதரவு 100இலிருந்து 60ஆகச் சரியும். இருவருக்கும் பொதுவான ஆளே குழுவுக்கு வராமல் போகலாம். யார் உறுதியாக ஜெயிப்பார் என்று முன்கூட்டியே தெரியாதபோது இந்த ஆட்டத்தில் நஷ்டமே அதிகம். ஆகவே வாக்குப்பதிவு முடியும்வரை எண்ணிக்கையைத் தொடங்காதீர்கள், பாதி எண்ணி நிலவரம் சொல்லாதீர்கள்.

கோட்டாவுக்கு 5ஆல் வகுப்பதா, 6ஆல் வகுப்பதா?

இடங்களின் எண்ணிக்கையால் வகுப்பது தாமஸ் ஹேர் பெயரில் வழங்குவது, 100க்கு 20. இடங்களோடு ஒன்றைக் கூட்டி வகுத்து, வரும் முழு எண்ணோடு 1 சேர்ப்பது ஹென்றி டிரூப் பெயரில் வழங்குவது; 100 ÷ 6 = 16, கூட்ட 17. ராஜ்யசபாவில் நடப்பது டிரூப்.

வித்தியாசம் எங்கே தெரியும் என்றால், பெரும்பான்மை மயிரிழையில் இருக்கும்போது. தலைமடை 52 பேர், கடைமடையில் மூன்று ஊர், ஊருக்கு 16 பேர், தனித்தனி வேட்பாளர்கள். ஹேர் கணக்கில் தலைமடை 52, 32, 12 என்று இறங்கும். இரண்டு இடம் வாங்கியபின் 12தான் இருக்கிறது, 16 அதைவிடப் பெரிது. முடிவு 2, 1, 1, 1. பாதிக்கு மேல் ஆட்கள், பாதிக்குக் குறைவான இடம். டிரூப் கணக்கில் 52, 35, 18. பதினெட்டு 16ஐவிடப் பெரிது, மூன்றாவதும் தலைமடைக்கு. முடிவு 3, 1, 1, ஓர் ஊருக்கு இடமில்லை.

குழுவில் தீர்மானங்கள் பெரும்பான்மை ஓட்டால் நிறைவேறும் என்றால் டிரூப் எடுங்கள். எல்லாப் பக்கத்துக் குரலும் கேட்பதற்கான ஆலோசனைக் குழு என்றால் ஹேர் நல்லது. எதுவானாலும் வேட்புமனுவுக்கு முன்பே எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஆதரித்த எல்லாரும் ஜெயித்துவிட்டார்கள், எடை மட்டும் மீதி இருக்கிறது. அதை என்ன செய்வது?

அப்படியே விடுங்கள். பேரேட்டில் ‘பயன்படாத எடை’ என்று எழுதுங்கள். மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதும், அடுத்த சுற்றில் எல்லார் எடையையும் மறுபடி மொத்தம் 100 வரும்படி பெருக்குவதும் தவறு. விருப்ப வரிசை முறையில் இதற்கு நேர்த்தியான தீர்வு ஒன்று உண்டு: பயன்படாத எடை கூடக்கூடக் கோட்டாவையே குறைத்து முதலிலிருந்து கணக்கிடுவது. மீக் என்பவர் 1969இல் கொடுத்த முறை அது. நியூசிலாந்தின் சில உள்ளாட்சித் தேர்தல்களில் 2004 முதல் நடக்கிறது. கணினி இல்லாமல் அதைச் செய்ய முடியாது.

நூறு சீட்டைக் கையால் எண்ண எப்படி ஏற்பாடு செய்வது?

நாலு பேர், ஒரு கரும்பலகை, கொஞ்சம் ரப்பர் பேண்ட் போதும். முதலில் சீட்டின் மூலையில் 1 முதல் 100 வரை எண் போடுங்கள். ஒரே மாதிரி டிக் விழுந்த சீட்டுகளை ஒரே கட்டாகக் கட்டி, மேலே ஒரு துண்டுத் தாள் வையுங்கள். தாளில் மூன்று எண்: எத்தனை சீட்டு, ஒரு சீட்டின் எடை, கட்டின் மொத்த எடை. சுற்று முடிந்ததும் பழைய எடையை அழிக்காமல் குறுக்கே கோடு இழுத்துப் புதிய எடையைக் கீழே எழுதுங்கள். கடைசியில் அந்தத் துண்டுத் தாளில் 1, 0.66667, 0.33334, 0.00001 என்று ஏணி போல இறங்கும். யார் வந்து கேட்டாலும் அந்த ஏணியைக் காட்டினால் போதும்.

அந்த 0.00001 எங்கிருந்து வந்தது என்றால், மூன்றில் ஒன்றை 0.33333 என்று ஐந்து இடத்தில் நறுக்கியதால். கழிக்கும் தொகையை எப்போதும் கீழ்நோக்கி நறுக்குங்கள், மேலே ஏற்றாதீர்கள். 60 பேர் 0.33333 கொடுத்தால் 19.9998, கோட்டாவுக்கு 0.0002 குறைவு, அது வாக்காளர் சீட்டிலேயே தங்கிவிடுகிறது. இரண்டு தசம இடத்தில் நறுக்கினால் 0.33 × 60 = 19.8 ஆகிவிடும், குறைந்தது 0.2. சின்ன ஊர்த் தேர்தலில் ஓர் ஓட்டின் ஐந்தில் ஒரு பங்கே முடிவை மாற்றப் போதும்.

ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும், அடுத்ததைத் தொடங்கும் முன், எல்லாக் கட்டின் எடையையும் செலவையும் கூட்டிக் கரும்பலகையில் 100 வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். தவறு அந்தச் சுற்றுக்குள்தான் இருக்கும். இரண்டு சுற்று தள்ளிப்போனால் தேடுவது பெரும்பாடு.

எக்செல்லில் செய்தால்?

வரிசைக்கு ஒரு சீட்டு, பத்திக்கு ஒரு வேட்பாளர், கடைசியில் எடைப் பத்தி. சம்ப்ராடக்ட் (SUMPRODUCT) சூத்திரம் மதிப்பெண்ணையும் எடையையும் பெருக்கிக் கூட்டிவிடும். சுற்றுக்கு ஒரு புதிய எடைப் பத்தி திறங்கள். பழைய பத்தியின் மேல் எழுதாதீர்கள். அதிகம் நடக்கும் பிழை: இரண்டாம் சுற்றிலும் சூத்திரம் முதல் எடைப் பத்தியையே பார்த்துக்கொண்டிருப்பது. அப்படியானால் ஒவ்வொரு சுற்றிலும் எல்லார் எடையும் 1 ஆகிவிடும். முதல் கேள்வியில் பார்த்த ஐந்துக்கு ஐந்து தலைமடை முடிவு வந்து நிற்கும். ஜெயித்தவரின் பத்தியை நீக்க மறப்பது அடுத்த பிழை.

சமநிலை வந்தால்?

குலுக்கல். ஆனால் அதற்கு முன் ஐந்து தசம இடமும் உண்மையிலேயே சமமா என்று பாருங்கள். ரவுண்டு செய்து காட்டும் கட்டத்தை நம்ப வேண்டாம்.

நடுவில் ஒருவர் விலகினால் ஆறாவதாக வந்தவரைப் போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. ஆறாவதாக வந்தவர் எல்லார் எடையும் கரைந்தபின் மிஞ்சிய துளிகளில் முன்னே நின்றவர்; விலகியவரின் ஆதரவாளர்களுக்கும் அவருக்கும் தொடர்பே இல்லாமல் இருக்கலாம். முதல் ஏரியில் கடைமடைக்காரர் விலகி, 5 எடை மீதியுள்ள நடுமடையிலிருந்து ஆள் போட்டால், கடைமடையின் 15 பேர் செலவழித்த எடை காற்றில் போய்விடும். விலகியவர் தேர்வான சுற்றில் செலவான எடையை அதே சீட்டுகளுக்குத் திருப்பிக் கொடுத்து, மற்ற நால்வரையும் அப்படியே வைத்துக்கொண்டு, அந்த ஓர் இடத்துக்கு மட்டும் மறுபடி எண்ணுங்கள். இதற்காகவே சீட்டுகளையும் துண்டுத் தாள்களையும் குழுவின் பதவிக்காலம் முடியும்வரை சீல் வைத்துப் பத்திரப்படுத்த வேண்டும்.

இடங்களின் எண்ணிக்கையைக் கூட்டினாலும் இதே எச்சரிக்கை. ஐந்தை ஆறாக்கினால் ஹேர் கோட்டா 20இலிருந்து 16.67 ஆகும், முழுசாக எண்ணிப் பார்த்தால் முன்பு ஜெயித்தவர் ஒருவர் வெளியே போகவும் கூடும். தீலே முறையில் இந்தச் சங்கடம் இல்லை. அதன் பக்கம் சொல்ல வேண்டிய நியாயம் இது.

ஆட்களுக்குப் பதில் வேலைகளைத் தேர்ந்தெடுக்கவும் இதைப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. மதகு பழுது, வரத்துக்கால் தூர்வாரல், களத்து மேடு என்று பட்டியல் இருக்கிறது, கையில் 5 லட்சம் இருக்கிறது என்றால், 100 பேருக்கும் ஆளுக்கு 5,000 ரூபாய் எடை. மதகுக்கு 1,20,000 என்றால் அதை ஆதரித்த 60 பேர் ஆளுக்கு 2,000 தருகிறார்கள். டொமினிக் பீட்டர்ஸ், பியோத்ர் ஸ்கோவ்ரோன் இருவரும் 2020இல் வகுத்த சமபங்கு முறை இது; போலந்தின் வியெலிச்கா நகரிலும் சுவிட்சர்லாந்தின் ஆராவ் நகரிலும் 2023இல் மக்கள் பட்ஜெட்டுக்குப் பயன்பட்டது. ஆட்களின் கோட்டா எல்லாருக்கும் ஒன்று. வேலைகளின் செலவு வேறுவேறு. அதனால் ஒவ்வொரு சுற்றிலும், ஆதரிப்பவர் தலைக்குக் குறைந்த செலவு விழும் வேலையை முதலில் எடுக்க வேண்டும். ஆதரிப்பவர்களிடம் மீதியுள்ள எடை முழுவதும் சேர்ந்தாலும் செலவுக்குப் போதாத வேலையைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள். முடிவில் கொஞ்சம் பணம் யாராலும் எடுக்கப்படாமல் மிஞ்சும். அதை எப்படிச் செலவழிப்பது என்பதையும் ஓட்டுக்கு முன்பே முடிவு செய்து எழுதி வையுங்கள். எண்ணி முடித்தபின் பேசினால், மிஞ்சிய பணம் சத்தமாகப் பேசுபவர் பக்கம் போய்விடும்.